முகத்தோலை எவ்வளவு ஆழம் தொடலாம்?

முகத்தில் நின்றுவிட்ட தழும்பு, கருமை, சுருக்கம் ஆகியவற்றைப் போக்க, தோலின் மேற்பரப்பை வேண்டுமென்றே புண்ணாக்கிப் புதிதாக வளரவிடலாம் என்பது பழைய யோசனை. அது எந்த அளவுக்குப் பலிக்கும், எவ்வளவு ஆழம் புண்ணாக்கலாம் என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விடை சொல்லிவருகிறது. அமிலம், கம்பித் தூரிகை, லேசர், ஊசி உருளை என்று கருவிகள் மாறின. ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் விடையைத் திருத்தியது.

அந்த விடைகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்டவை. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரையில் நிலைமை வேறு. கோடை நண்பகலில் புற ஊதாக் குறியீடு இங்கே 11-ஐத் தொடுவதும் தாண்டுவதும் சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதற்கு மேல் வேறு பிரிவு இல்லை. மீன் ஏலம், சிற்பப் பட்டறை, கட்டட வேலை எல்லாம் அந்த வெயிலில்தான் நடக்கின்றன. சிறுசேரி மென்பொருள் வளாகத்துக்கு பைக்கில் போகிறவர்களின் முகத்தில் விழுவதும் அதே வெயில்தான். மாநிறமோ கருநிறமோ கொண்ட தோல், ஓயாத வெயில், ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வீட்டில் இருக்கவிடாத பிழைப்பு. இம்மூன்றையும் கணக்கில் எடுத்தால் பழைய விடைகளில் எவை நிற்கின்றன?

திருமணியில் கிடைத்த பாடம்

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1920களில் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் எழுந்தது. 1955-இல் இந்திய அரசு அதை ஏற்று மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. அதற்கு முன்பே, தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனின் முயற்சியால் 1940களில் டாப்சோன் மருந்து இங்கே கொடுத்துப் பார்க்கப்பட்டது. மருந்து கிருமியை அடக்கியது. முகத்தை மீட்டுத் தரவில்லை. புருவம் உதிர்ந்து, மூக்குத்தண்டு அமுங்கி, நோயில் தடித்திருந்த தோல் வற்றியபின் மடிப்பு மடிப்பாகத் தொங்க, குணமானவரையும் ஊர் நோயாளியாகவே பார்த்தது. வேலை கிடைக்கவில்லை, வீடு சேர்க்கவில்லை. 1940களின் பிற்பகுதியில் காக்ரேனின் அழைப்பில் இங்கு வந்த வேலூர் சி.எம்.சி. அறுவை மருத்துவர் பால் பிராண்ட், மடங்கிப்போன கைகளைக் கண்டு சீரமைப்பு அறுவையில் இறங்கினார். கையில் தொடங்கிய அந்த வேலை முகத்துக்கும் வந்தது.

அமுங்கிய மூக்குக்குக் கிடைத்த தீர்வைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் மூக்கின் தோல் சுருங்கிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் வெளித்தோல் பெரும்பாலும் போதுமான அளவு இருந்தது. கிருமி தின்றது உள்ளிருக்கும் சவ்வையும் குருத்தெலும்பையும். உள்ளே தாங்கல் போய், வடு இழுக்க, தோல் உள்வாங்கியது. கட்டிலின் கயிறு தளர்ந்துவிட்டால் மேலே விரித்த பாயை எத்தனை முறை தட்டி விரித்தாலும் குழி போகாது. பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் ஹரால்ட் கில்லிஸ் வேறொரு நோயால் சிதைந்த மூக்குகளுக்கு ஏற்கெனவே ஒரு முறை வகுத்திருந்தார். மூக்கை உள்ளிருந்து விடுவித்து, அச்சு ஒன்றின்மேல் தோல் ஒட்டு வைத்து, உட்புறத்துக்குப் புது உறை கொடுப்பது. பிராண்டும் பம்பாயில் அறுவை மருத்துவர் என்.எச். அந்தியாவும் அதைத் தொழுநோயாளிகளுக்குப் பயன்படுத்தினர். புருவத்துக்குத் தலைமுடியுள்ள தோலை எடுத்து வைத்தார்கள். தொங்கிய மடிப்பை வெட்டி இழுத்துத் தைத்தார்கள். மேற்பரப்பைச் சுரண்டி எந்தப் பயனும் இல்லாத முகங்கள் அவை.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு காட்சி. 1980களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையில் குளோஃபசிமின் என்ற மாத்திரை உண்டு. அதைச் சாப்பிடுகிறவர்களின் தோல் செம்பழுப்பாகி, சிலருக்குக் கருத்தும் போகும். நோயைவிட இந்தக் கருமைக்கே அஞ்சி மருந்தை நிறுத்த நினைத்தவர்கள் உண்டு. ஆனால் அந்த நிறத்துக்கு எந்தப் பூச்சும் தேவையில்லை. மருந்துக் காலம் முடிந்ததும் மாதங்கள் கழித்து, சிலருக்கு ஓரிரு ஆண்டுகள் கழித்து, தானாக வெளுக்கும்.

குறை எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைத் தீர்மானித்தபிறகே கருவியை எடுக்க வேண்டும் என்பது இங்கிருந்து கிடைக்கும் முதல் அளவுகோல். பின்வரும் கட்சிகளை அந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

ஆழமே பலம் என்ற கட்சி

1882-இல் ஜெர்மானியத் தோல் மருத்துவர் உன்னா சாலிசிலிக் அமிலம், ரிசார்சினால், டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம், ஃபீனால் ஆகியவை தோலில் என்ன செய்கின்றன என்று விவரித்தார். நியூயார்க்கில் மக்கீ 1903 முதல் பருத்தழும்புக்கு ஃபீனால் பூசினார். பெர்லினில் குரோமயர் 1905-இல் சுழலும் அரத்தால் தோலைத் தேய்த்தார். 1953-இல் கர்ட்டின், தோலைக் குளிரவைத்து உறையச் செய்து கம்பித் தூரிகையால் தேய்க்கும் முறையை வெளியிட்டார். இவர்கள் எல்லோருடைய கணக்கும் ஒன்றுதான்: ஆழம் போகப்போக உள்தோல் புதிய கொலாஜனை உண்டாக்கும், பள்ளம் நிரவும், சுருக்கம் நீங்கும்.

வெள்ளைத் தோலில் இது பொய்யில்லை. முதிர்ந்த சுருக்கங்களுக்கு ஃபீனால் தரும் பலனை எட்டிப்பிடிக்கும் முறைகள் இன்றும் குறைவு. ஆனால் ஃபீனால் இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது. இதயத்தைக் கண்காணித்துக்கொண்டேதான் பூச வேண்டும். பூசிய தோல் நிரந்தரமாக வெளுத்துப் போவதும் உண்டு. வெள்ளையருக்கு அது கண்ணில் படாது. மாநிறத்தவருக்கு தாடையோரத்தில் கோடு கிழித்தாற்போல் முகம் ஒரு நிறமும் கழுத்து ஒரு நிறமுமாக நின்றுவிடும். அதனால் நம் தோலுக்கு ஆழ்ந்த ஃபீனால் பூச்சு வேண்டாம் என்பதில் இன்று கருத்து வேறுபாடு அதிகமில்லை.

கம்பித் தூரிகைக்கு நம் நாட்டில் ஒரு தனித் தேவை இருந்தது: பெரியம்மைத் தழும்பு. 1975-இல் இந்தியாவில் பெரியம்மை ஓய்ந்தது. முகத்தில் அம்மை வடு உள்ளவர்கள் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். அந்த வடுக்களைத் தேய்த்து ஓரளவு நிரவலாம். ஆனால் இரத்தம் தெறிக்கும் முறை அது. கை அனுபவத்தையே முழுக்க நம்பியது. கருமை அல்லது வெளுப்பு மிஞ்சும் வாய்ப்பும் பெரிது.

இந்தக் கட்சியிலிருந்து நம்மிடம் மிஞ்சியிருப்பது மேலோட்டமான பூச்சுகள். கரும்பிலிருந்தும் கிடைக்கும் கிளைக்காலிக் அமிலத்தின் குடும்பத்தை 1974-இல் வான் ஸ்காட்டும் யூவும் தோல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தனர். இன்று சிறு நகர ஸ்கின் கிளினிக்குகளில்கூட ‘பீலிங்’ என்றால் பெரும்பாலும் இதுவோ சாலிசிலிக் அமிலமோதான். கிளைக்காலிக் பூசும் நடைமுறை எளிதாகத் தெரியும். முகத்தின் எண்ணெய்ப் பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, கண்ணோரம் மூக்கோரம் உதட்டோரம் வாசலின் தடவி, நெற்றியில் தொடங்கிக் கன்னம், தாடை என்று தூரிகையால் பூசுவார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். எரிச்சல் ஏறும். எங்கே முதலில் சிவக்கிறதோ அங்கே சோடா உப்புக் கரைசல் போகும். நுரைத்து அமிலம் அடங்கும்.

இதில் வெள்ளைப் படலத்தைச் சரியாகப் படிப்பதில்தான் தேர்ச்சி இருக்கிறது. சாலிசிலிக் பூசியதும் முகத்தில் வெண்பொடி படிந்தால் அது வெறும் படிகம், துடைத்தால் போய்விடும். டிரைகுளோரோ அசிட்டிக் பூசியதும் வெண்மை படர்ந்தால் புரதம் உறைந்திருக்கிறது. எவ்வளவு ஆழம் போயிற்று என்பதற்கு அதுவே அளவு. கிளைக்காலிக்கில் வெண்மை தெரிந்தால் நினைத்ததைவிட ஆழமாகிவிட்டது என்று பொருள். பெயர் தெரியாத புட்டியைக் கொண்டு பார்லரில் பூசும்போது இந்த மூன்றையும் பிரித்தறிய யாருமில்லை என்பது கவலைக்குரிய விஷயம்.

ஒளியைப் பிளந்தபின்

பாராமதியில் பிறந்து பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய குமார் படேல் 1964-இல் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். அதன் ஒளியைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும்; தோலோ பெரும்பகுதி தண்ணீர். 1990களில் நொடித் துணுக்குகளாக அந்த ஒளியைப் பாய்ச்சும் கருவிகள் வந்தபோது, அமிலத்தின் நிச்சயமின்மை ஒழிந்தது என்று பலர் நம்பினர். ஒரே சீராக, அளந்து, அடுக்கடுக்காகத் தோலை ஆவியாக்கலாம். பலன் பெரிதாகவே இருந்தது. மாதக்கணக்கில் நீங்காத சிவப்பும், நெடுநாள் கழித்துத் தலைகாட்டும் நிரந்தர வெளுப்பும் உடன் வந்தன. எர்பியம் லேசர் தண்ணீரில் இன்னும் வேகமாக உறிஞ்சப்படுவதால் சுற்றியுள்ள திசுவைச் சுடுவது குறைவு. ஆனால் ஆழத்தைக் கூட்டினால் பழைய சிக்கல்கள் அதிலும் திரும்பிவரும்.

திருப்பம் 2004-இல் வந்தது. மான்ஸ்டைன், ஆண்டர்சன் முதலியோர் பாஸ்டனில், முகம் முழுவதையும் எரிக்காமல் கண்ணுக்குத் தெரியாத நுண்தூண்களாக மட்டும் சுட்டு, இடையில் நல்ல தோலை விட்டுவைக்கும் முறையை முன்வைத்தனர். விடப்பட்ட தோலிலிருந்து செல்கள் நகர்ந்து வந்து காயத்தை விரைவில் மூடுகின்றன. ‘ஃப்ராக்ஷனல்’ என்று இன்று விளம்பரப் பலகைகளில் காணப்படுவது இதுதான். ஆழம் வேண்டும், ஆனால் பரப்பு வேண்டாம் என்ற இந்தச் சமரசம் நூறாண்டுப் பிடிவாதத்துக்கு விழுந்த முதல் பெரிய அடி. நம் தோலில் இங்கும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. தூண்களின் அடர்த்தியைக் குறைக்க வேண்டும், ஒரே அமர்வில் முடிக்காமல் பல அமர்வுகளாகப் பிரிக்க வேண்டும். கருமை வருவது ஆழத்தைவிட அடர்த்தியோடும் சூட்டோடும் கூடுதலாகத் தொடர்புடையது என்பதே பெரும்பாலான மருத்துவர்களின் அனுபவம்.

சூடே வேண்டாம் என்பவர்கள் ஊசி உருளைக்குப் போனார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் ஊசிகள் பதித்த உருளையை மரத்துப்போகும் கிரீம் தடவிய முகத்தில் உருட்டுவது எளிது, செலவு குறைவு. மேல்தோல் பெரும்பாலும் அப்படியே இருப்பதால் கருமையும் குறைவு. லேசரோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் பருத்தழும்புக்கு இது வெகுதூரம் பின்தங்கவில்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் பல சிறியவை. ஆன்லைனில் வாங்கிய உருளையை வீட்டில் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது இரத்தவழித் தொற்றுக்கு வாசல் திறப்பதாகும்.

மாநிறத்தின் மறுமொழி

1975-இல் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் தோலை வகைப்படுத்தியது, ஒளிச் சிகிச்சைக்கு வரும் வெள்ளையர் எத்தனை எளிதில் வெந்துபோவார்கள் என்று கணிப்பதற்காக. பழுப்புக்கும் கருப்புக்குமான ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னர் சேர்ந்தவை. தமிழர்களில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரை. சிகிச்சைப் புத்தகங்கள் இந்த எண்ணைக் கொண்டே ஆற்றலைக் குறைக்கச் சொல்கின்றன. அது பயனுள்ளதுதான், போதுமானதில்லை. ஒரே நிறமுள்ள இருவரில் ஒருவருக்குக் கொசுக்கடிகூடக் கருத்து ஆறு மாதம் நிற்கும், மற்றவருக்கு நிற்காது. பழைய புண் ஆறிய இடத்தைப் பார்த்துக் கேட்பதும், காதோரம் சிறு பகுதியில் செய்து சில வாரம் பொறுத்துப் பார்ப்பதும் எண்ணைவிட நம்பகமானவை எனலாம்.

புண் ஆறியபின் வரும் இக்கருமைக்கு வெயிலே எரிபொருள். அதிலும் ஒரு நுட்பம் 2010 வாக்கில் தெளிவானது: மாநிறத் தோலைப் புற ஊதாக் கதிர் மட்டுமின்றிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருக்கச் செய்கிறது, வெள்ளைத் தோலில் அந்த விளைவு தெரியவில்லை. சாதாரண சன்ஸ்கிரீன்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன்கள் தடுக்கின்றன. விடியற்காலைக் கரையில் வலை பிரித்து, பகல் முழுக்கச் சந்தையில் கூடையோடு உட்காரும் பெண்ணுக்கு இரண்டு மணிக்கொருமுறை சன்ஸ்கிரீன் பூசச் சொல்லிவிட்டு லேசர் செய்வது எந்த அளவுக்குப் பொருந்தும்? இத்தகையவருக்கு அகன்ற தொப்பியும் முந்தானை முக்காடும் சேர்த்த மென்மையான சிகிச்சை, வலுவான லேசரைவிட நல்லது என்று சொல்ல இடமிருக்கிறது.

காலக் கணக்கும் உண்டு. மேலோட்டமான பூச்சு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒன்றாக நான்கைந்து அமர்வுகள் கேட்கும். தை முகூர்த்தத்துக்கு மார்கழியில் வந்து நிற்பவருக்கு ஆழமான சிகிச்சை எதையும் தொடங்காமல் இருப்பதே பாதுகாப்பு.

தழும்புக்கு வேர் எங்கே

பருத்தழும்பில்தான் அடுக்கைப் பற்றிய கேள்வி மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஊசி குத்தினாற்போன்ற குறுகிய குழி, விளிம்பு கூர்மையான பள்ளம், அலையலையாக அமுங்கிய தழும்பு என்று மூன்று வகை. அலைத் தழும்பின் மேல்தோலில் கோளாறு ஏதுமில்லை. அடியில் நார்கள் பிடித்து இழுக்கின்றன. திருமணி மூக்கின் கதைதான் இங்கும். அதைத் தேய்த்தாலும் சுட்டாலும் பெரிதாக நிரவாது. 1995-இல் ஓரன்ட்ரைக் பிரபலமாக்கிய முறையில், தோலுக்கடியில் ஊசியைச் செலுத்தி அந்த நார்களை அறுத்துவிடுகிறார்கள். முகம் சில நாள் வீங்கிக் கன்றி இருக்கும், கருமை வரும் வாய்ப்பு லேசரைவிடக் குறைவு. ஊசிக்குழிக்கு நேர் எதிரான வழி. கொரிய மருத்துவர்கள் 2002-இல் வெளியிட்டபடி, கூராக்கிய மரக்குச்சி நுனியில் அடர்ந்த டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் தொட்டுக் குழிக்குள் மட்டும் வைப்பது. முகம் முழுக்கப் பூசினால் வடுவாகும் அடர்த்தி, குழிக்குள் மருந்தாகிறது. ஒரே முகத்தில் மூன்று வகையும் கலந்திருப்பதால் ஒற்றைக் கருவியை மட்டும் விற்கும் இடத்தில் முழுப் பலன் எதிர்பார்ப்பது கடினம்.

பருவுக்கு ஐசோடிரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் இத்தகைய சிகிச்சைகளுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதி, 2017-இல் வந்த வல்லுநர் பரிந்துரைகளில் தளர்ந்தது. மேலோட்டமான பூச்சுக்கும் ஃப்ராக்ஷனல் லேசருக்கும் காத்திருப்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்றனர். தூரிகைத் தேய்ப்புக்கும் முழுப்பரப்பு லேசருக்கும் தடை அப்படியே நிற்கிறது.

மங்கும் கிரீம் ட்யூப்பும்

மங்கு வேறு விஷயம். கன்னத்தில் படரும் அந்தப் பழுப்பு மேல்தோலோடு நிற்பதில்லை. உள்தோலின் இரத்தக் குழாய்களும் அதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன. சுரண்டச் சுரண்டக் கூடுவதும் உண்டு. குறைந்த ஆற்றலில் அடிக்கடி செய்யும் ‘லேசர் டோனிங்’ சில மாதம் வெளுப்பு தரும். நிறுத்தினால் மங்கு திரும்பும், சிலருக்கு அரிசி தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் நிலைத்துவிடும். எனவே மங்குக்கு லேசரை முதல் சிகிச்சையாகக் கொள்வதை நியாயப்படுத்துவது கடினம். நெற்றியிலும் கழுத்திலும் வெல்வெட் போலத் தடித்துக் கருக்கும் இன்னொரு வகை, இன்சுலின் கோளாற்றின் அடையாளம். அதற்குச் சர்க்கரையைப் பார்க்காமல் பீலிங் செய்வது பணத்துக்குக் கேடு.

பலருடைய முகம் கிளினிக்குக்கு வருமுன்பே மருந்துக்கடையில் கெட்டுவிடுகிறது. 1975-இல் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்து கிளிக்மன் வகுத்த கலவை, மருத்துவர் மேற்பார்வையில் குறுகிய காலத்துக்கு உரியது. இங்கே அதன் வாரிசுகள் சிவப்பழகு கிரீமாகச் சீட்டின்றி விற்றன. நாடு தழுவிய பல மையங்களில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், முகத்தோல் கோளாறோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்தது தெரிந்தது. தோல் மெலிந்து, சிவந்து, முடி முளைத்து, பூசாவிட்டால் எரியும் முகம் அது. அந்த முகத்தில் அமிலமும் லேசரும் ஆபத்து. முதலில் மாதக்கணக்கில் அதை ஆற்ற வேண்டும். 2016-இல் அரசு இந்தக் கிரீம்களை மருந்துச்சீட்டுப் பட்டியலுக்குள் கொண்டுவந்தது நல்ல செயல். கடைகளில் அது முழுக்கக் கடைப்பிடிக்கப்படுவதாகச் சொல்ல முடியாது.

இன்னும் தீராதவை

இன்றைய ஆதாரங்களை வைத்துச் சொல்லக்கூடியது இவ்வளவு: மாநிறத் தோலில் அலைத் தழும்புக்கு நாரறுப்பு, ஊசிக்குழிக்குப் புள்ளி அமிலம், பரவலான தழும்புக்கு ஊசி உருளை அல்லது அடர்த்தி குறைத்த ஃப்ராக்ஷனல் லேசர், மேலோட்டமான கருமைக்கு மென்மையான பூச்சு, மங்குக்கு வெயில் காப்பும் பூச்சு மருந்தும். இந்த வரிசை உறுதியானது போலத் தோன்றினாலும் அதன் அடித்தளம் பலவீனமானது. ஆய்வுகள் பெரும்பாலும் சில பத்துப் பேரை ஆறு மாதம் பார்த்தவை. தழும்பின் முன்னேற்றத்தை அளக்கக் கண்பார்வையும் நிழற்படமும்தான். விளக்கு சற்றுச் சாய்ந்தால் பள்ளம் மறையும். ஆறாம் வகைத் தோல் இந்திய ஆய்வுகளிலும் அருகியே இடம்பெறுகிறது. வெளியில் நின்று வேலை செய்பவர்களைத் தனியாக எடுத்து ஒப்பிட்டால் இதே வரிசை நிற்குமா என்பது திறந்த கேள்வி.

செலவு யாருடையது என்பதும் தீரவில்லை. 2017 முதல் உள்ள ஜி.எஸ்.டி. விதி மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு தருகிறது. அழகு, பிளாஸ்டிக் அறுவைகளுக்குத் தருவதில்லை. பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, காயம், விபத்து ஆகியவற்றைச் சீராக்கினால் மட்டும் விலக்கு. பருவும் அம்மையும் முகத்தில் விட்டுச்சென்ற வடுவுக்கு அந்தப் பட்டியலில் தெளிவான இடம் கிடையாது. தொழுநோய்க்கோ தேசியத் திட்டம் சீரமைப்பு அறுவைக்கு உதவித்தொகையே தருகிறது. முகம் பிழைப்போடு சேர்ந்தது என்பதை அரசு ஏற்றுக்கொண்டதன் பொருள் அது. அதே நியாயத்தை ஆழ்ந்த பருத்தழும்புக்கும் தீக்காய வடுவுக்கும் மாவட்ட அரசு மருத்துவமனை அளவில் நீட்டினால் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று கேட்பார்கள். வெளுப்பாக வேண்டும் என்று வருபவரையும் வடு மறைய வேண்டும் என்று வருபவரையும் ஒரே வரிசையில் நிறுத்த முடியாது. ஆனால் தழும்பின் ஆழத்தை அளக்க முடிகிற அளவுக்கு, அது வேலையிலும் மணத்திலும் ஒருவருக்கு எவ்வளவு தடையாக இருக்கிறது என்பதை அளக்க நம்மிடம் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் இன்னும் உருவாகவில்லை.